ஒரே ஒரு கெர்னல் மாட்யூலைச் சோர்ஸிலிருந்து கட்டினேன், லோடு ஆக மறுக்கிறது

மைக்தேடி (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் ஹெட்செட் மைக் மட்டும் வேலை செய்வதில்லை. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், உள் மைக் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஹெட்செட்டைச் செருகினால் அதில் மைக் இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. உபுண்டு 22.04 லினக்ஸ், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.15.0-91-ஜெனரிக்.

இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் எழுதிய பேட்ச் (சோர்ஸில் செய்யும் சிறு திருத்தம்) கையில் கிடைத்தது. பதினைந்து வரிகூட இருக்காது. எல்லாம் 'பேட்ச்_ரியல்டெக்.சி' என்ற ஒரே கோப்பில். அது 'எஸ்என்டி-எச்டிஏ-கோடெக்-ரியல்டெக்' என்ற மாட்யூலாக (கெர்னலில் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய பகுதி) மாறுகிறது.

நான் செய்தது இதுதான். கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து 5.15 சோர்ஸை இறக்கினேன். பூட் அடைவில் இருந்த கான்ஃபிக் கோப்பை (கெர்னலைக் கட்டும் அமைப்புகள்) காப்பி செய்தேன். சான்றிதழ் கோப்பு இல்லை என்று மேக் நின்றது, கான்ஃபிக்கில் அந்தப் பாதையைக் காலியாக்கினேன். அப்புறம் முழு கெர்னலும் கம்பைல் ஆக மூன்று மணிநேரம். கிடைத்த கேஓ கோப்பை (கட்டிய மாட்யூல்) இன்ஸ்மாட் கட்டளை கொடுத்து ஏற்றினால் 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்'. டிமெசேஜில் (கெர்னல் எழுதும் செய்திகள்) 'டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல் மாட்யூல்_லேஅவுட்' என்று ஒரு வரி.

இரண்டும் 5.15 தானே? எங்கே தவறினேன்?

சிறுநிரல் (பதிவு 2)

மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையில் ஃபோர்ஸ் விருப்பம் ஒன்று இருக்கிறதே, அதைக் கொடுத்தால் ஏற்றிக்கொள்ளாதா?

கருங்கல் (பதிவு 3)

சிறுநிரல், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஃபோர்ஸ் கொடுத்தால் மாட்யூலில் உள்ள பதிப்பு அடையாளங்களைக் கண்டுகொள்ளாமல் ஏற்று என்று சொல்கிறோம். பொருத்தமின்மை அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் வாயைத்தான் அடைக்கிறோம்.

மைக்தேடி, அந்தப் பிழைச்செய்தி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது.

கெர்னல் வெளியே கொடுக்கும் ஒவ்வொரு சிம்பலுக்கும் (மாட்யூல்கள் பயன்படுத்தும் ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்) ஒரு சிஆர்சி எண் (சரிபார்ப்பு எண்) உண்டு. அந்த ஃபங்ஷன் வாங்கும் அளவுருக்கள், அவற்றில் வரும் ஸ்ட்ரக்டுகள் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் தரவு அமைப்பு), அந்த ஸ்ட்ரக்டுகளுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்டுகள் என்று வகை முழுவதையும் துருவிப் பார்த்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். மாட்யூல் கம்பைல் ஆகும்போது, தான் பயன்படுத்தும் சிம்பல்களின் எண்களைத் தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும். லோடு செய்யும்போது கெர்னல் இரண்டையும் ஒப்பிடும். முதலில் ஒப்பிடுவது 'மாட்யூல்_லேஅவுட்'. மாட்யூல் என்ற ஸ்ட்ரக்டே இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கத்தான் அது இருக்கிறது. உங்களுக்கு அந்த முதல் படியிலேயே தடுத்துவிட்டது.

தடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு ஸ்ட்ரக்டின் நடுவில் யாரோ ஒரு பாயிண்டரை (நினைவக முகவரி) சேர்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 64 பிட் கணினியில் அது 8 பைட். அதற்குப் பின் உள்ள ஒவ்வொரு புலமும் 8 பைட் தள்ளிப்போகும். ஓடும் கெர்னலில் ஒரு லாக் (பூட்டு) 72-வது பைட்டில் இருக்கிறது. உங்கள் மாட்யூல் அது 64-ல் இருப்பதாக நினைக்கிறது. அங்கே இருப்பதோ வேறு ஒரு பாயிண்டர். மாட்யூல் அதை லாக் என்று நினைத்து எழுதும். உடனே கணினி உறைந்தால் உங்கள் நல்ல நேரம். உறையாமல் ஓடி, பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்தால் காரணத்தைத் தேடியே நாள் போய்விடும்.

இப்போது "இரண்டும் 5.15 தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. உபுண்டு கெர்னலின் பெயரில் உள்ள 5.15.0 அந்தத் தொடரைத்தான் குறிக்கிறது. அதற்குள் பின்னால் வந்த நிலைப்பதிப்புத் திருத்தங்களும், விநியோகத்தார் தாங்களே சேர்த்த பேட்ச்களும் இருக்கின்றன. ப்ராக் அடைவில் 'வெர்ஷன்_சிக்னேச்சர்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அடிப்படையாக எடுத்த நிலைப்பதிப்பின் எண் அந்த வரியின் கடைசியில் இருக்கும்.

இன்னொன்று. மேக்ஃபைலில் 'எக்ஸ்ட்ராவெர்ஷன்' வரியைத் திருத்தி, யூநேம் கட்டளை காட்டும் ஓடும் கெர்னலின் பெயரையே தன் கெர்னலுக்கும் வைத்துவிட்டால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். சிஆர்சி சரிபார்ப்பு இருக்கும் கெர்னலில் அந்தப் பெயர்ப் பகுதியை ஒப்பிடுவதே இல்லை. பெயரை மாற்றுவதால் உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்டுகள் மாறிவிடாது. அந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

வேர்ப்பாதை (பதிவு 4)

கட்டுவது எப்படி என்று கருங்கல் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. கட்டத்தான் வேண்டுமா?

மைக் தெரியாமல் போவதற்கு வழக்கமான காரணம், பயாஸில் அந்த பின்னுக்கு (ஒலிச் சிப்பின் இணைப்பு முனை) 'எதுவும் இணைக்கப்படவில்லை' என்று எழுதியிருப்பது. அது மட்டும்தான் சிக்கல் என்றால் எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்ற சிறு கருவி போதும். எந்த பின் எதற்கு என்று மாற்றி எழுதி, ஒவ்வொரு பூட்டிலும் அதையே பயன்படுத்தச் சொல்லலாம்.

ஒத்த வன்பொருளுக்கான திருத்தம் ஏற்கெனவே டிரைவரில் இருந்தால், 'எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல்' மாட்யூலுக்கு 'மாடல்' என்ற விருப்பத்தில் அதன் பெயரைக் கொடுத்தாலும் போதும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்த விருப்பம் ஒவ்வொரு ஒலி அட்டைக்கும் ஒரு மதிப்பாக வரிசையில் வாங்குகிறது. எச்டிஎம்ஐ முதல் அட்டையாக இருந்தால், நீங்கள் கொடுத்த பெயர் அதற்குப் போய்விடும். முதல் இடத்தைக் காலியாக விட்டு, காற்புள்ளி வைத்து, அப்புறம் பெயரை எழுத வேண்டும். அந்த ஒரு காற்புள்ளி தெரியாமல் "மாடல் விருப்பம் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டிவிட்டு, கம்பைல் செய்யப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஒலிக்கு மட்டும் இல்லை. புது யுஎஸ்பி சாதனத்தின் அடையாள எண் டிரைவரில் இல்லை என்பதற்காகவே மாட்யூலைத் திரும்பக் கட்டுகிறார்கள். சிஸ் அடைவில் அந்த டிரைவரின் கீழ் 'நியூ_ஐடி' கோப்பு இருந்தால் எண்ணை அதில் எழுதினாலே டிரைவர் சாதனத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரைவரிடமிருந்து கூடுதல் பதிவுச் செய்திகள் வேண்டும் என்றால் டைனமிக் டீபக் வசதி இருக்கிறது, அதற்கும் கட்ட வேண்டியதில்லை.

மைக்தேடி (பதிவு 5)

அக்கா, இரண்டையும் செய்து பார்த்துவிட்டு வருகிறேன். காற்புள்ளி விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது, என் கணினியிலும் எச்டிஎம்ஐ தான் முதல் அட்டை.

மைக்தேடி (பதிவு 6)

பார்த்தேன். பின்னை மாற்றி எழுதியதும் மைக் பட்டியலில் வந்துவிட்டது! ஆனால் பதிவு செய்தால் வெறும் இரைச்சல். பேட்சைத் திரும்பப் படித்தேன். அது பின் மதிப்போடு நிற்கவில்லை, செருகியது ஹெட்ஃபோனா ஹெட்செட்டா என்று பார்த்து, கோடெக்கின் (ஒலிச் சிப்) கோயெஃப் பதிவகங்களில் (அதன் உள் அமைப்புகள்) சில மதிப்புகளை எழுதுகிறது. இருக்கும் மாடல்களில் எதுவும் இதைச் சரியாகச் செய்யவில்லை.

வேர்ப்பாதை (பதிவு 7)

அப்படியானால் டிரைவரைத் தொடாமல் வேறு வழியில்லை. கட்டுங்கள்.

கருங்கல் (பதிவு 8)

சரி. முழு கெர்னலையும் கட்ட வேண்டாம். மூன்று விஷயம் ஓடும் கெர்னலோடு பொருந்த வேண்டும்: சோர்ஸ், கான்ஃபிக், சிம்பல் பட்டியல். பின்னிரண்டும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பை அதே 5.15.0-91-ஜெனரிக் பெயரில் நிறுவினால், கான்ஃபிக்கும் 'மாட்யூல்.சிம்வெர்ஸ்' கோப்பும் அதோடு வந்துவிடும். சிஆர்சி எண்கள் எல்லாம் அந்தக் கோப்பில்தான். வெற்றுச் சோர்ஸில் 'மாட்யூல்ஸ்_ப்ரிப்பேர்' மட்டும் ஓட்டினால் இந்தக் கோப்பு உருவாகாது. அதனால்தான் ஹெடர் தொகுப்பு வேண்டும் என்கிறேன்.

சோர்ஸுக்கு, மென்பொருள் மூலப் பட்டியலில் சோர்ஸ் வரிகளைத் திறந்துவிட்டு, ஆப்ட் சோர்ஸ் கட்டளைக்கு 'லினக்ஸ்-இமேஜ்-அன்சைன்டு' என்பதோடு ஓடும் கெர்னலின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். இறங்கியதும் கடைசி எண் வரை ஒத்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அப்புறம், சவுண்ட் அடைவுக்குள் பிசிஐ, அதற்குள் எச்டிஏ. அந்த அடைவை முழுதாக உங்கள் ஹோம் அடைவுக்குக் காப்பி செய்யுங்கள். ஒரு சி கோப்பை மட்டும் எடுத்தால் ஆகாது. 'பேட்ச்_ரியல்டெக்.சி' பக்கத்தில் உள்ள ஹெடர்களை மட்டும் இல்லாமல் வேறு சில சி கோப்புகளையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. காப்பியில் பேட்சைப் போடுங்கள்.

அந்த அடைவுக்குள் நின்றுகொண்டு, மேக் கட்டளைக்குப் பெரிய எழுத்து 'சி' விருப்பத்தில் லிப் மாட்யூல்ஸ் அடைவின் கீழ் ஓடும் கெர்னலுக்கான 'பில்டு' இணைப்பையும், 'எம்' மாறியில் நீங்கள் நிற்கும் அடைவின் முழுப் பாதையையும், இலக்காக 'மாட்யூல்ஸ்' என்பதையும் கொடுங்கள். இதற்கு ரூட் உரிமை தேவையில்லை, சூடோ போடாதீர்கள்.

அந்த அடைவில் உள்ள மற்ற மாட்யூல்களும் சேர்ந்து உருவாகும், பரவாயில்லை. நீங்கள் மாற்றியது ஒரு சி கோப்பை மட்டும் என்பதால் ரியல்டெக் கோடெக் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பொதுவான ஹெடர் ஒன்றைத் தொட்டிருந்தால், அதைப் பயன்படுத்தும் எல்லா மாட்யூலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாட்யூல் குடும்பங்களில் இதை மறந்துவிடக் கூடாது.

லிப் மாட்யூல்ஸின் கீழ் உங்கள் கெர்னல் அடைவில் 'அப்டேட்ஸ்' என்று ஓர் அடைவு இல்லையென்றால் உருவாக்கி, கோப்பை அங்கே வையுங்கள். விநியோகம் கொடுத்த பழைய கோப்பை அழிக்காதீர்கள், மேலெழுதாதீர்கள். டெப்மாட் (மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டினால் தேடும் வரிசையில் அப்டேட்ஸ் முன்னால் வரும். சரியில்லை என்றால் அந்த ஒரு கோப்பை நீக்கி டெப்மாட் ஓட்டினால் பழைய நிலை.

மைக்தேடி (பதிவு 9)

மூன்று மணிநேரம் காத்திருந்த இடத்தில் இப்போது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! கோப்பு கிடைத்துவிட்டது. 'விஎம்லினக்ஸ் இல்லாததால் பிடிஎஃப் உருவாக்கம் தவிர்க்கப்பட்டது' என்ற மாதிரி ஒரு வரி வந்தது, அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

அப்டேட்ஸில் வைத்தேன், டெப்மாட் ஓட்டினேன், மாட்ப்ரோப் கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை. ஆனால் மைக்கில் அதே இரைச்சல். பேட்சே தவறோ என்று தோன்றுகிறது.

வேர்ப்பாதை (பதிவு 10)

பிடிஎஃப் (டீபக் தகவல்) வரியால் பாதிப்பில்லை, விடுங்கள்.

பேட்சைச் சந்தேகிப்பதற்கு முன் ஓடுவது புதிய மாட்யூல்தானா என்று பாருங்கள். ஏற்கெனவே ஏறியிருக்கும் மாட்யூலுக்கு மாட்ப்ரோப் கொடுத்தால், அது ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல், வெற்றி என்று திரும்பிவிடும். பிழை வரவில்லை என்பதால் புதியது ஏறிவிட்டது என்று ஆகாது.

பார்ப்பதற்கு நல்ல வழி 'எஸ்ஆர்சிவெர்ஷன்'. சோர்ஸ் கோப்புகளிலிருந்து கணக்கிட்ட ஓர் எழுத்துச் சரம் அது, ஒரு வரி மாறினாலும் மாறும். மாட்இன்ஃபோ கட்டளை டிஸ்கில் இருக்கும் கோப்பின் சரத்தைக் காட்டும். நினைவகத்தில் ஓடுவதன் சரம் சிஸ் அடைவில் மாட்யூல் பெயரின் கீழ் அதே பெயருள்ள கோப்பில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவனம், கோப்பின் பெயரில் சிறு கோடு இருக்கும் இடத்தில் சிஸ் அடைவில் அடிக்கோடு இருக்கும்.

மைக்தேடி (பதிவு 11)

இரண்டும் வேறு! முதல் எழுத்திலிருந்தே வேறு. இத்தனை நேரம் பழைய மாட்யூல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் கொடுத்தால் 'இன் யூஸ்' என்கிறது. எல்எஸ்மாட் பட்டியலில் அதன் எதிரே 1 என்று இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள் என்ற பெயர் மட்டும் இல்லை.

வேர்ப்பாதை (பதிவு 12)

அந்த 1, ஒலி அட்டை அந்தக் கோடெக்கோடு பிணைந்திருப்பதால் வருவது. மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் பல்ஸ்ஆடியோவை (ஒலியைக் கையாளும் சர்வீஸ்) நிறுத்துங்கள். சர்வீஸை மட்டும் நிறுத்தினால் அடுத்த நிரல் ஒலி கேட்டதும் சாக்கெட் வழியாக அது திரும்ப எழுந்துவிடும், சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். அப்புறம் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்லை இறக்குங்கள். அதன் பின் ரியல்டெக் கோடெக் மாட்யூல் தானாக விடுபடும், அதையும் இறக்குங்கள். இன்டெல் மாட்யூலைத் திரும்ப ஏற்றினால் கோடெக்கைப் புதிய இடத்திலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். பொறுமை இல்லையென்றால் ரீபூட், அதுவும் சரியான வழிதான்.

சிறுநிரல் (பதிவு 13)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் என் டச்பேட் டிரைவர் மாட்யூலைக் கட்டினேன். எனக்கு வருவது வேறு: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. சோர்ஸ் பொருந்தவில்லையா?

பூட்டுச்சாவி (பதிவு 14)

இல்லை, அது வரை போகவே இல்லை. உங்கள் கணினியில் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்குகிறது. மாட்யூலை ஏற்றும்போது கெர்னல் முதலில் பார்ப்பது கையொப்பத்தை. அதில் தேறினால்தான் சிஆர்சி, பதிப்பு எல்லாம். மைக்தேடியிடம் செக்யூர் பூட் இல்லாததால் நேராகப் பதிப்புச் சிக்கல் வந்தது.

செய்ய வேண்டியது, ஒரு சாவியை உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை மோக்யூட்டில் கட்டளையால் பதியச் சொல்லி, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்து, ரீபூட் செய்வது. இயங்குதளம் ஏறுவதற்கு முன் நீலத் திரை ஒன்று வரும். அதில் சாவியைச் சேர்க்கும் தேர்வுக்குப் போய், அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். சில விநாடியில் அந்தத் திரை போய்விடும், கண்ணை எடுக்காமல் உட்காருங்கள். தவறவிட்டால் பதியும் வேலையைத் திரும்பத் தொடங்க வேண்டும். உபுண்டுவில் முன்பே டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டும் கருவி) மாட்யூல் ஏதாவது நிறுவியிருந்தால், ஷிம்-சைன்டு அடைவின் கீழ் சாவி ஏற்கெனவே இருக்கக்கூடும். அதையே பயன்படுத்தலாம்.

பிறகு ஹெடர் தொகுப்பின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள சைன்-ஃபைல் நிரலால் மாட்யூலில் கையொப்பமிடுங்கள்.

வரிசை மிகவும் முக்கியம். கையொப்பம் கேஓ கோப்பின் வாலில் ஒட்டப்படுகிறது. கையொப்பமிட்ட பிறகு ஸ்ட்ரிப் கட்டளையால் டீபக் தகவலை நீக்கினால் வாலும் சேர்ந்து போய்விடும். முதலில் ஸ்ட்ரிப், அப்புறம் கையொப்பம், சுருக்குவது என்றால் கடைசியில் சுருக்கம். நான் ஒருமுறை ஸ்ட்ரிப்பை மாட்யூலை நகர்த்தும் ஸ்கிரிப்டுக்குள் வைத்திருந்தேன். கையொப்பம் இட்டதும் சரி, நகர்த்தியதும் சரி, லோடு மட்டும் ஆகவில்லை. இரண்டு கோப்புகளின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தனிவழி (பதிவு 15)

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் இத்தனை வேலையும் மிச்சம்தானே. என் கணினியில் முதல் நாளே அணைத்துவிட்டேன்.

பூட்டுச்சாவி (பதிவு 16)

சொந்தக் கணினி, உங்கள் முடிவு, மறுக்க மாட்டேன். ஆனால் புதியவருக்கு முதல் பதிலாக அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாவி ஒரு முறை பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரே ஒரு கட்டளைதான் கூடுதல். கெர்னலுக்குள் எது நுழைகிறது என்பதைச் சரிபார்க்கும் ஓர் அரணை, அந்த ஒரு கட்டளைக்காக எடுத்துவிட வேண்டாம். தனிச்சாவியை ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள், அது போதும்.

தனிவழி (பதிவு 17)

நியாயம்தான், சிறுநிரல் அவர் சொன்னபடியே செய்யட்டும்.

நான் அதிகம் புழங்குவது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம். அங்கே கெர்னல் சோர்ஸின் கீழ் மாட்யூல்ஸ் அடைவில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி அடைவு. உள்ளே போய் மேக், மேக் இன்ஸ்டால், அப்புறம் ஏற்ற கேஎல்டிலோடு. அங்கும் ஓடும் கெர்னலின் அதே சோர்ஸ் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

மைக்தேடி (பதிவு 18)

வேலை செய்கிறது! பல்ஸ்ஆடியோவின் சாக்கெட்டையும் நிறுத்தி, இன்டெல் மாட்யூலை இறக்கி ஏற்றினேன். எஸ்ஆர்சிவெர்ஷன் இரண்டும் ஒன்றாக இருந்தது. ஹெட்செட்டைச் செருகிப் பேசி, பதிவைக் கேட்டேன், என் குரல் தெளிவாக வந்தது. கருங்கல் அண்ணா, வேர்ப்பாதை அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

டிமெசேஜில் 'அவுட்-ஆஃப்-ட்ரீ மாட்யூல் டெயின்ட்ஸ் கெர்னல்' என்று வந்திருக்கிறது. கெட்டதா?

கடைசியாக இன்னொன்று. அடுத்த கெர்னல் அப்டேட் வந்தால் இது போய்விடுமே, டிகேஎம்எஸ் போட்டு வைக்கலாமா?

கருங்கல் (பதிவு 19)

டெயின்ட் என்பது ஓர் அடையாளக் குறிதான். பின்னால் கெர்னல் விழுந்து நீங்கள் பிழையறிக்கை அனுப்பினால், வெளியே கட்டிய மாட்யூல் இருந்தது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டிகேஎம்எஸ் பற்றி. கெர்னல் மரத்துக்கு (கெர்னலின் சோர்ஸ் தொகுப்பு) வெளியே வாழும் டிரைவருக்கு அது நல்ல கருவி, அதன் சோர்ஸ் பல கெர்னல்களுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கும். உங்களுடையது மரத்துக்குள் இருக்கும் மாட்யூல். அந்த அடைவின் இன்றைய நகலை டிகேஎம்எஸ்ஸில் வைத்தால், நாளை வரும் கெர்னலிலும் இன்றைய ஒலி டிரைவர்தான் ஓடும். இடையில் அந்த அடைவுக்கு வந்த பாதுகாப்புத் திருத்தம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. கம்பைல் ஆகிவிடுவதால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இடைக்காலத்துக்கு வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் டிகேஎம்எஸ் கான்ஃபிக்கில் 'பில்டு_எக்ஸ்க்ளூசிவ்_கெர்னல்' வரியில் 5.15.0 தொடர் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். இன்னும் நல்லது, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிய சோர்ஸை இறக்கி, பேட்சை அதில் போட்டுக் கட்டும் சிறு ஸ்கிரிப்ட்.

வேர்ப்பாதை (பதிவு 20)

நிரந்தரத் தீர்வு, பேட்ச் மேல்மரத்துக்கு (எல்லா விநியோகங்களும் எடுக்கும் மூல கெர்னல்) போவதுதான். எழுதியவரைத் தொடர்புகொண்டு அனுப்பச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் கையெழுத்து வரியையும் அப்படியே வைத்து நீங்கள் அனுப்புங்கள். சோதித்தவர் என்று உங்கள் பெயரையும் சேர்க்கலாம். குவர்க் அட்டவணை (மாடல்வாரியான திருத்தங்களின் பட்டியல்) தயாரிப்பாளர் எண், சாதன எண் வரிசையில் இருக்கும். புதிய வரியைக் கடைசியில் ஒட்டாமல் அதற்குரிய இடத்தில் வையுங்கள். இப்படிப்பட்ட குவர்க் திருத்தங்களை நிலைப்பதிப்புகளிலும் ஏற்கிறார்கள், அதனால் 5.15 தொடருக்கும் வந்து சேர வழி இருக்கிறது.

மைக்தேடி (பதிவு 21)

எழுதியவரிடம் கேட்டேன், மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார். அட்டவணையில் வரியைச் சரியான இடத்துக்கு மாற்றி, நேற்று இரவு அனுப்பிவிட்டோம். அது வரும் வரை, அண்ணா சொன்ன மாதிரி ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்கிறேன். டிகேஎம்எஸ் வேண்டாம்.

கருங்கல் (பதிவு 22)

நல்லது தம்பி. ஸ்கிரிப்டில் முதல் வேலையாக, புதிய சோர்ஸில் உங்கள் மாடலின் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் ஒரு வரியை வையுங்கள். இருந்தால் கட்டாமல் நின்றுவிட வேண்டும். அப்டேட்ஸ் அடைவில் கோப்பு இருக்கும் வரை அதுதான் முதலில் ஏறும், விநியோகம் கொடுக்கும் சரியான மாட்யூல் அதன் பின்னால் மறைந்தே கிடக்கும்.